பகா எண்ணுக்கு மொய்

ஒரு பெரிய எண்ணைப் பார்த்து, "இது உடையும்" என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். உடைந்தால் உள்ளே காரணிகளாக யார் யார் இருப்பார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. உலகத்திலுள்ள கணிப்பொறிகள் அத்தனையையும் உட்காரவைத்து வகுக்கச் சொன்னாலும் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை காத்திருக்க வேண்டும். கணக்குப் படித்தவர்களுக்கு இது அதிசயம். போடிநாயக்கனூருக்கு இது அக்கப்போர். உடையும் என்று மட்டும் சொல்லிவிட்டு எப்படி என்று சொல்லாமல் விட்டால், மீதியை எங்கள் ஊர் தானே சொல்லிக்கொள்ளும்.

என் பெயர் அல்லி. போடியில் இணை எண் அலுவலகத்தில் எண் பரிசோதகராக இருக்கிறேன். இந்த வேலைக்குக் கொஞ்சம் கணக்கும் நிறையப் பொறுமையும் வேண்டும். கணக்கு எனக்கு நன்றாக வரும்.

இணை எண் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. அதற்கு முன்னால் சாவி, கடவுச்சொல், கைரேகை, முகம் என்று என்னென்னவோ வைத்துக் கதவைப் பூட்டினார்களாம். முகத்தையே போலியாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு அரசாங்கம் கணக்கின் காலில் விழுந்தது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை ஒரு பகா எண் கொண்டுவர வேண்டும், பெண் ஒன்று கொண்டுவர வேண்டும். பகா எண் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாதது. ஏழு மாதிரி, பதின்மூன்று மாதிரி. ஆனால் முந்நூறு இலக்கத்தில். இரண்டையும் பெருக்கினால் அறுநூறு இலக்கத்தில் ஒரு பூதம் வரும். அதுதான் குடும்ப எண். அதைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்கு அச்சடிப்பார்கள். சித்தப்பா பெயர் விட்டுப்போனால் மண்டபத்தையே இரண்டாக்கும் ஆட்கள், நடுவில் நாற்பது இலக்கம் விட்டுப்போனாலும் கவனிப்பதில்லை.

வீட்டுக் கதவு கேட்பது ஒன்றுதான்: ஒன்றையும் என்னையும் விட்டு, என்னை மீதியின்றி வகுக்கும் ஓர் எண்ணைக் காட்டு. கணவன் தன் எண்ணைக் காட்டினால் திறக்கும், மனைவி தன்னுடையதைக் காட்டினாலும் திறக்கும். மற்றவர்கள் வாசலில் நின்று அறுநூறு இலக்கத்தையும் மனப்பாடம் செய்தாலும் திறக்காது. குவாண்டம் பொறி வந்தால் எல்லாம் உடைந்துவிடும் என்று முன்னே பயமுறுத்தினார்கள். பொறி வந்தது. அதற்கு மின்கட்டணம் கட்ட ஆளில்லாமல் மூடிவைத்திருக்கிறார்கள்.

இதில் கல்யாணம் ஆகாதவர்களும் துணையை இழந்தவர்களும் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், யாரும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு பகா எண் என்பது சட்டம். தனியாள் ஒருத்தி தன் ஒற்றை எண்ணை வாசலில் எழுதினால், அதை வகுக்க அதைவிட்டால் வேறு எண் கிடையாது. அதையே கதவு ஏற்றுக்கொண்டால் படிக்கத் தெரிந்தவன் எவனும் திறந்துகொண்டு உள்ளே வரலாம். தனியாள் ஒருத்தியே இரண்டு பகா எண் வைத்துக்கொண்டு பெருக்கிவிட்டால் தீர்ந்தது. கணக்குக்கு அதில் ஆட்சேபம் கிடையாது, சட்டத்துக்குத்தான் உண்டு. அதனால் கைம்பெண்கள் மகன் எண்ணிலோ அண்ணன் எண்ணிலோ இருக்கிறார்கள். யாராவது வந்து திறந்துவிட வேண்டும். என்னைப் போன்றவர்கள் விடுதியில். காப்பாளர் தம்பதியின் எண்தான் என் அறைக் கதவிலும். துணி மாற்றும்போதுகூட கதவின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் மாற்றுவேன். எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் கோபம் உண்டு. ஆனால் அதில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

இனி மொய். மணமக்கள் கொண்டுவருவது பகா எண்தானா என்று நேராக வகுத்துப் பார்க்க முடியாது என்றேன் அல்லவா? கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்து, "இதை உன்னைவிட ஒன்று குறைவான தடவை பெருக்கி, உன்னாலேயே வகு, மீதி என்ன?" என்று கேட்க வேண்டும். பகா எண் என்றால் மீதி ஒன்று வந்தே தீரும். உடையும் எண் என்றால் பெரும்பாலும் வேறு ஏதோ உளறி மாட்டிக்கொள்ளும். எப்போதாவது ஒரு கேள்விக்குத் தப்பிக்கும், பத்துக் கேள்விக்குத் தப்பிப்பது கஷ்டம். இந்தக் கேள்விகளை உறவினர்கள் கேட்க வேண்டும், ஆளுக்கு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று விதி. விதி எழுதியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். கல்யாண வீடு தெரியாதவர்கள்.

எங்கள் ஆட்கள் வாய்க்கு எந்த எண் வரும்? ஒலிபெருக்கியில் நீங்களே கேட்டிருப்பீர்கள். "தாய்மாமன் தர்ஷன், ஆயிரத்து ஒண்ணு." "சில்லமரத்துப்பட்டிப் பெரியப்பா, ஐநூத்தி ஒண்ணு." "மாப்பிள்ளையோட நண்பர்கள் சேர்ந்து, அஞ்சாயிரத்து ஒண்ணு." எட்டைச் சொல்ல மாட்டார்கள், சனி. பதின்மூன்றைச் சொல்ல மாட்டார்கள். ஐநூறு என்று மொட்டையாகச் சொன்னவனை, ஒன்று சேர்த்துச் சொல்லத் தெரியாதா என்று பெண்டாட்டியே கிள்ளுவாள். சொன்ன எண்ணை எழுதிவைத்து, அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதற்குக் குறையாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பகா எண்ணுக்குக் கேள்வி கேட்பதை எண் மொய் ஆக்கிவிட்டோம். அலுவலகத்தில் நாங்களும் சிரித்துக்கொண்டே பதிந்துகொண்டோம்.

இந்த நிலையில்தான் ஜோஷிகா அம்மாள் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். பழைய காலத்துப் பெயர், பார்த்தாலே வயது தெரிந்துவிடும். கணவரை இழந்து மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். இளைய மகன் இளம்பரிதி ஏலக்காய் உலர்த்தும் கூடம் வைத்திருக்கிறான். அவன் மனைவி சுடர்க்கொடி ஏலக்காய் ஏல மையத்தில் விலைக் கணக்குக்கு நிரல் எழுதுகிறாள். இருவரும் காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள்.

ஜோஷிகா அம்மாள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், அவர் சுருக்கவில்லை. மதியம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், வெயில் தாங்காமல் இளைய மகன் வீட்டு வாசலில் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறார். மகன் வீடுதான், ஆனால் உள்ளே போக முடியாது. உட்கார்ந்திருந்தபோது உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் குறட்டை. கதவைத் தட்டினார். குறட்டை நின்றது. மறுபடி தட்டினார். மின்விசிறியும் நின்றது. ஓடிப்போய்த் தன் தம்பி தர்ஷனை அழைத்து வருவதற்குள் வீடு அமைதியாகிவிட்டது. வீட்டுக்குப் பின்வாசல் உண்டு.

குறட்டையைத் தர்ஷன் கேட்கவில்லை. ஆனாலும் அது ஆண்பிள்ளைக் குறட்டைதான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாராம்.

பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் இருந்தார் என்றால், அவரிடம் குடும்ப எண்ணை வகுக்கும் எண் இருக்கிறது. இளம்பரிதியுடையதும் இல்லை, சுடர்க்கொடியுடையதும் இல்லை என்றால் குடும்ப எண்ணுக்கு மூன்றாவதாக ஒரு காரணி இருக்கிறது. இரண்டு பேர் பெருக்கலில் மூன்றாவது ஆள். இதைவிட ருசியான செய்தி போடிக்கு ஏலக்காய் சீசனில்கூடக் கிடைத்ததில்லை. மாலைக்குள் டீக்கடையில் அந்த மூன்றாவது ஆளுக்கு மீசை வைத்துவிட்டார்கள். மறுநாள் அவன் கம்பம் ஊர்க்காரன் ஆகிவிட்டான். இளம்பரிதியின் எண்ணில் விரிசல் இருக்கலாமே என்று ஒருவரும் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

சட்டம் கடுமையானது. மூன்றாவது காரணி உண்டு என்று நிரூபணமானால் குடும்ப எண் ரத்து. உடையும் எண்ணைப் பகா எண் என்று கொண்டுவந்தவர், ஆயுள் முழுக்க வேறு எண் கொண்டுவர முடியாது. அதாவது சுடர்க்கொடிக்கு இனி எந்தக் கதவும் கிடையாது. கணவன் இருந்தும் கைம்பெண்போல யாராவது திறந்துவிடக் காத்திருக்க வேண்டும். இளம்பரிதி வேறு பெண்ணுடன் எண்ணைப் பெருக்கிக்கொள்ளலாம். அதற்கு ஜோஷிகா அம்மாள் தேனியில் ஓர் இடம் பார்த்துவைத்திருப்பதாகவும் பேச்சு.

விசாரணை நாளில் அலுவலக முற்றம் நிறைந்துவிட்டது. கல்யாணத்தில் மொய் சொன்னவர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள், சாப்பாடு மட்டும்தான் குறை. இளம்பரிதி ஒரு மூலையில் நின்றுகொண்டு, ரோட்டில் போன லாரிச் சத்தமாக இருக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சுடர்க்கொடி சோதனை அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோதனை அறைக்குள் ஒருவர் ஒருவராகத்தான் வர வேண்டும். கேள்வியை இந்தமுறை இயந்திரமே கேட்கும். ஒன்றில் முடியாத, ராசி பார்க்காத, நெடுநெடுவென்று எதேச்சையாக வரும் எண்கள். இளம்பரிதி முதலில் வந்தான். அவன் எண் எல்லாக் கேள்விக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று பதில் சொல்லிவிட்டு வெளியே போனது. ஆளைப் போலத்தான் எண்ணும்.

அடுத்து சுடர்க்கொடி. முதல் கேள்விக்கு மீதி ஒன்று. இரண்டாவதற்கும் ஒன்று. நானே மூச்சை விட்டேன். மூன்றாவது கேள்விக்கு முந்நூறு இலக்கத்தில் ஒரு மீதி வந்து திரையை நிரப்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது. உடையும்.

அவள் விளக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எப்படி மொய்யில மாட்டாம தப்பிச்சே?" என்று கேட்டேன். மூன்றாவது ஆள் யார் என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கணக்குப் பைத்தியம்.

"கல்யாண வீட்ல அம்புட்டுப் பேரும் என்ன நம்பர் சொல்லுவாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்," என்றாள். "நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணு, ஆயிரத்தியொண்ணு. அதைத் தாண்டி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அந்தக் கேள்விக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொல்ற மாதிரி ஒரு நம்பரத் தேடினேன். ரெண்டு பகா எண். ஒண்ண ரெண்டால பெருக்கி ஒண்ணக் கழிச்சா இன்னொண்ணு. ரெண்டையும் பெருக்கித்தான் கொண்டுவந்தேன்."

தலையைச் சொறிந்துகொண்டு மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்படி ஜோடி சேர்ந்த எண்ணிடம் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் தப்பிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஊர் கேட்கப்போகும் கேள்விகள் முன்கூட்டியே தெரிந்தால், அத்தனைக்கும் தப்பிக்கிற ஜோடி கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருக்கலாம். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருவர், ஒரே ஒருவர், வாய்தவறி பதினெட்டாயிரத்து நானூற்று இருபத்தாறு என்று ஏதாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கலாம். ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்று அவள் அவர்களை நம்பியிருக்கிறாள்.

எனக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. "உன் வீட்டுக்காரர் குடும்ப எண்ணைத் தன்னோட எண்ணால வகுத்து, வர்றதைப் பாதியாக்கி, வர்க்கமூலம் பார்த்தாப் போதுமே. ஒரு நிமிஷத்துல பிடிபட்டிருப்பே."

"பாக்க மாட்டாரு மேடம். அப்படிப் பாக்காத ஆளுன்னுதான் கட்டிக்கிட்டேன்."

அப்புறம்தான் கேட்டேன், இன்னோர் எண் யாரிடம் இருக்கிறது என்று.

"எங்கம்மாகிட்ட," என்றாள்.

அவள் அம்மா பெயர் மோனிஷா. கணவர் இறந்த பிறகு சின்னமனூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். தம்பி நல்லவர், தம்பி மனைவியும் நல்லவள், பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். எல்லோரிடமும் கதவைத் திறக்கும் எண் இருக்கிறது அல்லது திறக்கச் சொல்லும் குரல் இருக்கிறது. குளிக்கும்போது, படுக்கும்போது, அழத் தோன்றும்போது, எந்த நேரமும் யாராவது உள்ளே வரலாம். மோனிஷா வாரத்தில் சில நாள் பேருந்து பிடித்து போடிக்கு வருவார். முந்தானையில் முடிந்த எண்ணைக் கதவுக்குக் காட்டுவார். உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வார். தூங்குவார். பின்வாசல் வழியாகப் போய்விடுவார். வேறு எதுவும் செய்வதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் குடித்ததில்லையாம், மாப்பிள்ளை வீடு என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. போடியே மீசை வைத்துப் பார்த்த கம்பத்துக்காரன், மூட்டு வலியோடு பேருந்தில் நின்றுகொண்டு வரும் ஓர் அம்மாள்.

"நம்பர் உடையும்னு மட்டும் ஒத்துக்கிட்டுப் போயிரட்டுமா மேடம்?" என்று கேட்டாள். "என் கதவு போனாப் போகுது. அம்மா பேரு வெளிய வந்தா அதுவும் சட்டப்படி திருட்டு. அத ஒரு போலீஸ்காரன் கூப்பிட்டுக் கேள்வி கேட்டா எங்கம்மா தாங்காது."

சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

முற்றத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தர்ஷன் முன்னால் வந்து, மூணா, நாலா என்று கேட்டார். அவருக்கு நாலு என்றால் இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு அப்போதுதான் குறும்பு தலைக்கேறியது.

ஒரு பெரிய சந்தேகம் வந்திருக்கிறது என்றேன். இந்தக் கல்யாணத்தில் கேட்கப்பட்ட கேள்விகளே செல்லுமா என்ற சந்தேகம். எல்லோரும் நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்றே கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்டால் உடையும் எண்ணும் தப்பித்துவிடலாம். ஆனால் இதே கேள்விகளைத்தான் ஊரிலுள்ள அத்தனை கல்யாணத்திலும் கேட்டிருக்கிறோம். ஒன்றை மட்டும் விசாரித்தால் நியாயம் இல்லை. சட்டப்படி எல்லாக் குடும்ப எண்ணையும் மறுபடி சோதிக்க வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியாக வர வேண்டும். முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வந்ததுதான் வந்தீர்கள், இங்கே இருப்பவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம் என்று சொல்லி, அறைக் கதவை அகலத் திறந்து, இயந்திரத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பிவைத்தேன்.

முன்வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

பிறகு ஒருவருக்குக் கூடலூர்ப் பேருந்து நினைவு வந்தது. ஒருவருக்கு அடுப்பில் பால். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு பேருமே ஒரே சமயத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தர்ஷன் என் அருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், நல்லா யோசிச்சுப் பாத்தா, அது லாரிச் சத்தமாத்தான் இருக்கும். எங்க அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்." புகாரை வாபஸ் வாங்கும் தாளில் சாட்சிக் கையெழுத்து அவர்தான் போட்டார். அவர் எண்ணுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையில்லை என்று சொன்னால் பொய்.

முற்றம் காலியானது. இளம்பரிதியும் சுடர்க்கொடியும் நின்றார்கள். ஜோஷிகா அம்மாள் மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. வாபஸ் தாளில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனா கையில் இருந்தது.

"என் காது நல்லாத்தான் இருக்கு," என்றார் மருமகளைப் பார்த்து. "உள்ள யாரு தூங்கினது? அத மட்டும் சொல்லு. கையெழுத்துப் போடுறேன், போடல, அது அப்புறம்."

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். சுடர்க்கொடி முந்திக்கொண்டாள்.

"எங்கம்மா, அத்தை."

இளம்பரிதி மனைவி பக்கம் திரும்பினான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏமாற்றிவிட்டாள் என்ற கோபம்கூட இல்லை, நம்மிடம் சொல்லவில்லையே என்ற அடிபட்ட முகம். எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன் என்று கேட்டான்.

"சரின்னுதாங்க சொல்லியிருப்பீங்க. ஒருதரம் நீங்க சரின்னு சொல்லி எங்கம்மா உள்ள வந்தா, அது நீங்க தொறந்துவிட்ட கதவு. எங்க மாமா தொறந்துவிடுற கதவு அதுக்கு சின்னமனூர்லயே இருக்கு. ஒரு எடத்துலயாவது யாருகிட்டயும் கேக்காம அது உள்ள போகணும்னு ஆசப்பட்டேன்."

அவன், தண்ணியாவது குடிக்கச் சொல்லேன் என்று மட்டும் சொன்னான். அவனுக்கு வர்க்கமூலம் பார்க்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜோஷிகா அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். என் வேலையும் சேர்த்து.

"உள்ள பூட்டிக்கிட்டா தூங்குது உங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"யாரும் தொறக்க முடியாதா?"

"நானும் அவரும் தவிர யாரும் தொறக்க முடியாது. நாங்க அந்நேரம் வர மாட்டோம்."

அவர் வாபஸ் தாளில் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, பெயருக்கு முன்னால் இரண்டு முதலெழுத்தும் வைத்து. தாளை என்னிடம் நீட்டினார். பிடித்தபோது விடவில்லை.

"மேடம், உங்களுக்குக் கணக்குத் தெரியும். நாலு பேரச் சேத்துப் பெருக்கினாப் பூட்டு தாங்குமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. வெயிலில் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை அவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை நாளும் ஊர், உள்ளே இருந்தது யார் என்று மட்டுமே பேசியது. வெளியே ஏன் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

தாங்கும் என்றேன். எத்தனை பேரைப் பெருக்கினாலும் உடைப்பவனுக்குத் தெரியாது, ஒவ்வோர் எண்ணும் போதுமான அளவு பெரிதாக இருந்தால் சரி.

"அப்ப என்னையும் போட்டுப் பெருக்கு," என்றார் மருமகளிடம். "எம் மகன் பக்கம் சேரு. ஒம் பக்கம் வேணாம், அங்க ஏற்கனவே ஆளிருக்கு."

குடும்ப எண்ணைப் புதுப்பிக்க விதியில் இடம் உண்டு. கேள்வி கேட்க உறவினர்கள் வந்தால் போதும். வந்தார்கள், விருந்து என்றதும் தர்ஷன் உட்பட எல்லோரும் வந்தார்கள். ஊர் முழுக்கச் சோதனை என்று நான் சொன்னது பற்றி ஒருவரும் மறந்தும் விசாரிக்கவில்லை. சுடர்க்கொடி பத்து நாள் உட்கார்ந்து தேடிய எண்களை மணமக்கள் மறுபடி கொண்டுவந்தார்கள். முதல் கேள்வி மாப்பிள்ளையின் அம்மாவுடையது. ஜோஷிகா அம்மாள் ஒலிபெருக்கியை வாங்கி, தானே உள்ளே உட்கார்ந்திருக்கிற எண்ணைப் பார்த்து, "பத்தாயிரத்து ஒண்ணு" என்று கணீரென்று கேட்டார். மீதி ஒன்று வந்தது. மண்டபம் கைதட்டியது. பதிவேட்டில் நான் ஒப்பமிட்டேன்.

புதிய எண் அறுநூறு இலக்கத்தில் அடங்கவில்லை. வாசலில் பெரிய கல்லாக வாங்கிப் பதிக்க வேண்டியிருந்தது. சம்பந்திகள் இரண்டு பேருக்கும் மதியத்தில் ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்று தினமும் தகராறு. இளம்பரிதி இன்னொரு மின்விசிறி மாட்டிக் கொடுத்திருக்கிறான்.

நான்கு பேருக்கு அவ்வளவு நீளமான எண் எதற்கு, ஓர் ஆள் அதிகமாக இருக்கிற மாதிரித் தெரிகிறதே என்று கணக்குத் தெரிந்த யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். போடியில் அதைக் கேட்க வேண்டிய அதிகாரி எண் பரிசோதகர். சனிக்கிழமைகளில் அரைநாள் விடுமுறை போட்டுவிட்டு, கதவுக்கு என் எண்ணைக் காட்டி உள்ளே போய், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாயை விரித்துப் படுத்துவிடுகிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.